பேசாத அண்ணனுக்கு டீம் லீடர்

உனைசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் அப்பன் கலியோவாவிலிருந்து தொடங்க வேண்டும். கலியோவா கந்தாவுத் தீவில் வைலேகா கிராமத்து ஆள். உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவன் எரோனி, நடுவில் கலியோவா, கடைசியில் ரெஜியேலி என்ற பெண். எரோனி ஊரிலேயே சேம்பும் கவாச் செடியும் நட்டுக்கொண்டு இருந்துவிட்டான். கலியோவா தலைநகர் சூவாவுக்கு வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நைன் மைல் என்ற இடத்தில் எனக்கு அடுத்த வீடு. ரெஜியேலியை நம்புவாவில் கட்டிக் கொடுத்தார்கள். எரோனிக்கு ஒரு மகன், பொனிபாத்தே. கலியோவாவுக்கு ஒரே மகள், உனைசி. ரெஜியேலியின் மகன் செமி. இந்த மூன்று பிள்ளைகளை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

பொனிபாத்தேயும் உனைசியும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அதாவது அண்ணன் தங்கை. அவர்கள் ஊரில் அண்ணன் தங்கை என்றால், பெண் பெரியவளான நாள் முதல் நேருக்கு நேர் பேச்சு கிடையாது. பகையினால் அல்ல, மரியாதையினால். தங்கை வரும் வழியில் அண்ணன் ஒதுங்குவான், அண்ணன் இருக்கும் அறையில் தங்கை சிரிக்க மாட்டாள். அத்தை மகன் செமி இரண்டு பேருக்கும் மச்சான் முறை. மச்சானை வாய்க்கு வந்தபடி பேசாவிட்டால்தான் குற்றம். நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. நாமும் அத்தை மகனை வேறாகவும் சித்தப்பன் மகனை வேறாகவும் வைத்திருக்கிறவர்கள்தானே.

பொனிபாத்தே பதினான்கு வயதில் படிக்க என்று சூவாவுக்கு வந்து சித்தப்பன் வீட்டிலேயே தங்கினான். உனைசிக்கு அப்போது பன்னிரண்டு. ஒன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள், ஒரு சொல் நேராகப் பேசியதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கே காதில் விழும். "அம்மா, மழை வருது, யாரோட சட்டையோ கொடியில நனையப் போகுது" என்று உனைசி சமையல்கட்டைப் பார்த்துச் சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்து பொனிபாத்தே எழுந்து வந்து சட்டையை எடுப்பான்.

என் தங்கை செல்லம்மாவின் மகன் தயானந்த் பிரிஸ்பேனில் பத்து வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, வட்டுவங்காவில் ஒரு டயர் கடை மாடியில் கம்பெனி ஆரம்பித்தான். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பக்கம் ஒரு நிறுவனம் முதியோர் இல்லங்கள் நடத்தியது. அங்கே நர்ஸ் கையில் இருக்கும் கம்ப்யூட்டர் நின்று போனாலும், கிழவர் கிழவிகள் பேரப்பிள்ளை முகம் பார்க்கிற டேப்லெட் திறக்காவிட்டாலும், சூவாவுக்கு போன் வரும். இங்கே உட்கார்ந்தபடியே அங்கே இருப்பதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். எட்டு பேர் வேலை பார்த்தார்கள். இரண்டாவதாகச் சேர்ந்தவள் உனைசி. அவள் சொல்லித்தான் செமி வந்தான். செமி சொன்னான் என்ற பெயரில் பொனிபாத்தே வந்தான். நான் வேன் ஓட்டினேன். முதலாளிக்கு நான் தாய்மாமன் என்பதால் எல்லோருக்கும் மாமா ஆனேன்.

அந்த மாடி அறையில் செமி நடுவில் உட்கார்ந்திருப்பான். ஒரு பக்கம் உனைசி, மறுபக்கம் பொனிபாத்தே. நான் சாப்பாட்டுப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் இதே கூத்துதான்.

"செமி, மூணாம் நம்பர் இல்லத்துல பிரிண்டர் போயிருச்சாம். யாராவது பாத்தா நல்லாருக்கும்."

மச்சான்கள் கேலி காதில் விழாமல் அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். செமி அந்தப் பக்கம் திரும்புவான். "ஏ சேம்பு மண்டையா, மூணாம் நம்பர் பிரிண்டர். உன் மூஞ்சியப் பாத்துத்தான் அது செத்துருக்கு, போய் எழுப்பு."

"அது செத்தா எழுப்பலாம், நீ செத்தா யாரும் எழுப்ப மாட்டாங்க மச்சான்," என்பான் பொனிபாத்தே. "பழைய கடவுச்சொல் என்னன்னு கேளு."

செமி அவள் மேசையைத் தட்டுவான். "கேக்குறான்டி, கடவுச்சொல்."

இப்படியே நாள் முழுவதும் சொல் கைமாறும். வேலையும் நடக்கும். தயானந்த் செமியைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தான். "மாமா, அந்தப் பய சொந்தமா ஒண்ணும் செய்யிறதில்ல, கிளிப்பிள்ளை மாதிரி அவங்க சொன்னதையே இவங்க கிட்டச் சொல்றான்" என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறான். நான் சிரித்துவிட்டு விட்டேன்.

பிறகு அந்த ஆஸ்திரேலிய நிறுவனம் இன்னும் முப்பத்தோரு இல்லங்களை வாங்கியது. எட்டு பேர் இருந்த கம்பெனி பதினொரு மாதத்தில் தொண்ணூற்றிரண்டு பேர் ஆனது. டயர் கடை மாடி போய், துணி தைக்கும் தொழிற்சாலை இருந்த பெரிய கொட்டகைக்குக் குடியேறினோம். என் ஒரு வேன் நாலு வேன் ஆனது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த பிரிஸ்பேனிலிருந்து ஜெனீன் என்ற பெண்மணி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். நல்ல மனுஷி. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். மரவள்ளிக்கிழங்கை ஏன் தேநீரோடு தின்கிறீர்கள் என்றுகூடக் கேட்டாள்.

ஜெனீன் ஒரு பெரிய தாளில் மரம் மாதிரி படம் போட்டாள். உச்சியில் தயானந்த், கீழே ஏழு கிளைகள், ஏழு டீம் லீடர்கள், ஒவ்வொருவருக்கும் கீழே பன்னிரண்டு பதின்மூன்று பேர். எல்லாம் மதிப்பெண் பார்த்து வைத்தது. யார் யாருக்கு என்ன உறவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய உனைசி மூன்றாம் டீமுக்கு லீடர் ஆனாள். பொனிபாத்தே அவள் டீமில் விழுந்தான். செமி கொட்டகையின் மறுகோடியில் ஆறாம் டீமுக்குப் போனான்.

அதோடு இரண்டு சட்டம். ஒன்று, ஓர் அழைப்பு சராசரி ஒன்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டு, லீடர் வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, அவர் பேசிய அழைப்புகளைக் கேட்டு, குறை நிறை சொல்லி, அதற்கென்று உள்ள தாளில் எழுத வேண்டும். இதற்குப் பெயர் கோச்சிங். மூன்று மாதம் கழித்துப் பட்டியல் போடுவார்கள். நிமிடம் குறையாதவர்கள், திருத்தம் எதுவும் தாளில் பதிவாகாதவர்கள், வேலையை விட்டுப் போக வேண்டும். ஒப்பந்தத்திலேயே அப்படி இருந்ததாம்.

பொனிபாத்தேயின் சராசரி பத்தொன்பது நிமிடம்.

முதல் வாரம் உனைசி பதினொரு தாள் எழுதினாள். பன்னிரண்டாவது வெறுமையாக இருந்தது. இரண்டாம் வாரமும் அப்படித்தான். அண்ணனோடு ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, நீ இதில் தப்பு, அதில் தப்பு என்று சொல்வதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. வெளியே சொல்லவும் பயம். வந்த வாரமே 'எங்கள் ஊர் வழக்கம் இப்படி' என்று நின்றால் லீடர் வேலைக்கு லாயக்கில்லை என்று எடுத்துவிடுவார்களோ என்று நினைத்தாள். சொல்லாவிட்டாலோ அண்ணனுக்கு வேலை போகும். அவனை நம்பித்தான் ஊரில் எரோனியின் வீடு நடந்தது.

ஒரு சனிக்கிழமை என்னை நம்புவாவுக்கு வண்டி எடுக்கச் சொன்னாள். அத்தை ரெஜியேலியிடம் ஒன்று கேட்க வேண்டுமாம். ரெஜியேலி தேங்காய்ப்பால் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒருத்தர் பேசி ரெக்கார்டு ஆனதைக் கேட்டா, அது அவரோட பேசின மாதிரி ஆயிடுமா?"

"யாரு, உன் அண்ணனா?"

"நான் யாருன்னு சொல்லலையே."

"வேற யாருக்காக இந்தக் கேள்வி கேட்டு நம்புவா வரைக்கும் வருவ? உங்க அப்பன் கோயில்ல பிரசங்கம் பண்ணும்போது நான் முன்வரிசையில உக்காந்து கேக்கலையா? அரை தூக்கம்தான், ஆனாலும் கேட்டேன். காதுக்கு என்ன தடை?"

"சரி, எழுதினா? எழுதுறது பேசுறதா?"

ரெஜியேலி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "உங்க அப்பன் கப்பல்ல போனப்ப எனக்குக் கடுதாசி போட்டிருக்கான். ஆனா என் பேர் போட மாட்டான். 'செமியோட அம்மாவுக்கு'ன்னு போடுவான். செமி அப்பப் பொறக்கவே இல்ல."

"பொறக்காத பிள்ளைக்கு எப்படிப் பேர் தெரியும்?"

"அவன் போட்டுட்டானே, அதனால அந்தப் பேரையே வச்சோம். ரொட்டி தின்னு, ஆறிடும்."

இதுதான் உனைசிக்குக் கிடைத்த தீர்ப்பு. கேட்கலாம். எழுதலாம், ஆனால் பெயர் போடக் கூடாது.

திங்கட்கிழமை அவள் காதில் ஹெட்போனை மாட்டி அண்ணன் பேசிய அழைப்புகளைத் திறந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவன் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. வீட்டில் அவன் அவளுக்கு ஓர் இருமல், ஒரு செருப்புச் சத்தம், அவ்வளவுதான். இங்கே அவன் டவுன்ஸ்வில்லில் யாரோ ஒரு கிழவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இல்லம்மா, நீங்க ஒண்ணும் உடைக்கல. அந்தப் பொத்தானை அமுக்காதவங்க உலகத்துலயே இல்ல. நானே நேத்து அமுக்கிட்டேன்."

"மாமா, அவருக்கு வேடிக்கையாப் பேச வருது!" என்று என்னிடம் வந்து சொன்னாள், ஏதோ புதிதாக ஒருவன் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி. "யாருக்குத் தெரியும் இது? செமிக்குத் தெரியுமா? என்கிட்ட யாருமே சொல்லலையே!"

ஆனாலும் அவனுக்குத் தெரியாமல் கேட்கிறோமே என்ற கூச்சம் விடவில்லை. "வேற ஏதாவது வேணுமாம்மா" என்று அவன் கேட்டவுடன் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். கேட்டவரையில் குறை ஒன்றும் தெரியவில்லை. அன்பாகப் பேசுகிறான், சரியாகச் செய்கிறான், கொஞ்சம் கூடுதலாகக் கதை கேட்கிறான். கதையைக் குறைத்தால் நிமிடம் குறையும் என்று முடிவுகட்டினாள்.

அத்தை சொன்னபடி, பெயர் போடாமல் எழுதினாள். பன்னிரண்டு பேருக்கும் பொதுவாகக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம். 'நம்மில் ஒருவர் அழைப்பில் அதிக நேரம் கதை பேசுகிறார். அவர் நல்லவர். ஆனால் இப்படியே போனால் அவருக்கு வேலை நிலைக்காது. தயவுசெய்து அவர் சுருக்கிக்கொள்ள வேண்டும்.'

மறுநாள் காலை பொனிபாத்தே வேனில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினான். உனைசி வழக்கம்போல் கடைசி வரிசை.

"மாமா, சேதி தெரியுமா? எங்க டீம்ல எவனோ ஒருத்தன் ரொம்ப நேரம் பேசுறானாம்."

"யாருப்பா அது?"

"தெரியல. வைனிகோலோவாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன், அவன் ஊருக்கே வாய் அதிகம். பாவம், பிள்ளைகுட்டிக்காரன். நேத்து சாயங்காலம் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், பாத்து நடந்துக்கப்பான்னு."

கண்ணாடியில் பார்த்தேன். உனைசி நெற்றியை ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்தாள்.

மற்ற பதினொரு பேரும் அந்தக் கடிதம் தனக்குத்தான் என்று நடுங்கிவிட்டார்கள். ஏழு நிமிடம் எடுத்தவர்கள் நான்குக்கு இறங்கினார்கள். லோசானா என்று ஒரு பெண், வாயெல்லாம் பல்லாகப் பேசுகிறவள், "ஆச்சு, வேற? இல்லையா? வைக்கிறேன்" என்று வைத்தாள். பத்தாம் நாள் ஓர் இல்லத்துத் தலைமை நர்ஸ் ஜெனீனுக்கே போன் போட்டாள். "உங்க பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு? வணக்கத்தைக்கூட முழுசாச் சொல்ல மாட்டேங்குறாங்க. ஒரே ஒரு பையன் மட்டும்தான் பழைய மாதிரி இருக்கான். என் ஆளுங்க எல்லாம் அவன் வர்ற வரைக்கும் போனை வச்சு வச்சு எடுக்குறாங்க."

ஜெனீன் உனைசியைக் கூப்பிட்டாள். தயானந்தும் இருந்தான். அன்றைக்கு அந்த அறையில் மேசை தூக்கிப் போட ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் ஓரமாக நின்றேன். ஜெனீன் திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. யார் யாருக்கு எத்தனை சேதி அனுப்பினார்கள் என்பதற்குக் கோடு. செமியும் பொனிபாத்தேயும் ஆளுக்கொரு கோடியில் இருந்தும் அவர்களுக்கு நடுவில் கயிறு மாதிரி தடித்த கோடு. உனைசிக்கும் பொனிபாத்தேக்கும் நடுவில் வெள்ளையாகக் கிடந்தது.

"ஆறு வாரமா ஒரு சொல் கிடையாது. ஆறு தாளும் வெறுமை. உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

"சண்டை இல்ல."

"அப்ப அவன் உன் பேச்சைக் கேக்க மாட்டானா?"

"நான் சொன்னா உயிரையே கொடுப்பார். ஆனா நான் சொல்லக் கூடாது."

ஜெனீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இது எனக்கு வேணும். மொதல்ல இருந்து சொல்லு."

உனைசி சொன்னாள். கடிதம் எழுதிய கதையைச் சொன்னபோது தயானந்த் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இருபது வருஷமா வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றான்.

"நீ கேக்கலையேப்பா."

"அப்ப அந்தச் செமி…"

"கிளிப்பிள்ளை இல்ல பாஸ்," என்றாள் உனைசி. "அவன்தான் கம்பி. அவன எடுத்துட்டீங்க, லைன் கட்டாயிருச்சு."

ஜெனீன் கோபப்படுவாள் என்று நினைத்தோம். அவள் பேனாவை எடுத்து, "தொண்ணூத்திரண்டு பேர்ல இந்த மாதிரி எத்தனை ஜோடி இருக்கு?" என்றாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் அவளை அசத்தியது. "உங்க எல்லாரோட மதிப்பெண்ணும் எனக்குத் தெரியும். ரத்த வகைகூடத் தெரியும். இது ஒரு தாள்லயும் இல்லையே!" பிறகு கேட்டாள்: "சரி, அவன் நல்லாப் பேசுறான்னு சொல்ற. அப்புறம் எப்படிப் பத்தொன்பது நிமிஷம்?"

"கதை கேக்குறார்."

"கதை எவ்வளவு நேரம்?"

உனைசி யோசித்தாள். அவள் கேட்ட அழைப்புகள் எல்லாம் பத்து, பதினொரு நிமிடத்தில் 'வேற ஏதாவது வேணுமாம்மா' வரைக்கும் வந்துவிட்டன. மிச்சம் எட்டு நிமிடம் எங்கே போனது?

அங்கேயே ஓர் அழைப்பைப் போட்டார்கள். வேலை முடிந்தது. "வேற ஏதாவது வேணுமாம்மா?" "இல்லப்பா, நல்லாரு." இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறும் மூச்சு. அங்கே ஒரு தொலைக்காட்சிச் சத்தம், இங்கே ஒரு நாற்காலி கிரீச்சிடும் சத்தம். இரண்டு நிமிடம் போனது. கிழவி, "இருக்கியாப்பா?" என்றாள். "இருக்கேம்மா." "சரி சரி." மறுபடி மூச்சு. இப்படி எட்டு நிமிடம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, போனை இன்னும் வைக்கலையா என்று பிடுங்கி வைத்தாள்.

"என்ன பண்ணிட்டிருக்காங்க ரெண்டு பேரும்?" என்றாள் ஜெனீன்.

உனைசிக்கு விளங்கிவிட்டது. "பெரியவங்க உக்காந்திருக்கும்போது நாம மொதல்ல எந்திரிக்கக் கூடாது. அவங்க வைக்கட்டும்னு இவர் காத்திருக்கார்."

"அவ தனியா இருக்குறவ. அவ எங்க வைக்கப் போறா!"

குறை இன்னதென்று தெரிந்தாகிவிட்டது. அதை யார் அவனிடம் சொல்வது? உனைசி கேட்டாள்: பேசுவது செமி பேசட்டும், தாளில் கையெழுத்து நான் போடுகிறேன். ஜெனீன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. லீடர் அல்லாதவன் கோச்சிங் கொடுப்பதாவது, நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றாள். கடைசியில், "பட்டியல் வரைக்கும் ஆறு வாரம். அதுக்கு மேல கிடையாது. அப்புறம் விதிப்படிதான்" என்றாள்.

மறுநாள் கோச்சிங் நடந்தது. அதற்கென்று ஒதுக்கிய அறைக்குப் பலகைத் தடுப்புதான், கதவு கிடையாது. செமி பேச ஆரம்பித்தவுடன் பாதிக் கொட்டகை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. உனைசி மட்டும் எழுந்து மழையில் ஓடிவந்து என் வேனில் ஏறிக் கதவை மூடிக்கொண்டாள். அண்ணனை மச்சான் கேலி செய்யும்போது தங்கை காதில் விழக் கூடாது. நான்தான் தேநீர் எடுக்கிற சாக்கில் உள்ளே நின்று கேட்டேன்.

"ஏண்டா மச்சான், பாட்டி போன வைக்கட்டும்னு நீ உக்காந்திருக்க. நீ வைக்கட்டும்னு பாட்டி உக்காந்திருக்கா. அப்படியே மோதிரம் மாத்திக்க வேண்டியதுதானே?"

"பெரியவங்க இருக்கும்போது டப்புன்னு வச்சா நல்லாவாடா இருக்கும்?"

"உனக்கு மரியாதை தெரியுது, மூளைதான் கந்தாவுலயே தங்கிருச்சு. ஊர்ல சபையில இருந்து எந்திரிக்கணும்னா என்ன பண்ணுவ? விடிய விடிய உக்காந்திருப்பியா?"

"விடை கேப்பேன். உத்தரவு கொடுங்க, நான் கெளம்புறேன்னு."

"அதக் கேட்டுத் தொலையேன்!"

பிறகு பொனிபாத்தே மெதுவாகக் கேட்டான்: "மச்சான், அந்தக் கடிதாசியில அதிகமாப் பேசுறவன்னு இருந்துச்சே, அது நானா?"

"இல்ல, நம்ம பாதிரியார்."

"ஐயோ. வைனிகோலோவுக்குப் புத்தி சொன்னேனே."

கொட்டகையே குலுங்கியது. மறுவாரம் ஜெனீன் அந்த அறைக்குக் கனமான கதவு ஒன்று போட்டாள்.

அன்றிலிருந்து பொனிபாத்தே ஒவ்வோர் அழைப்பிலும் வேலை முடிந்ததும், "அம்மா, உத்தரவு கொடுத்தா நான் கெளம்புறேன்" என்று கேட்டான். கிழவிகளுக்கு அது ஒரே சந்தோஷம். பட்டாளத்தில் இருந்த ஒரு கிழவர், "உத்தரவு தந்தேன், போய்யா!" என்று கத்துவாராம். ஒரு கிழவி, "இன்னைக்குத் தர மாட்டேன், நாளைக்கு வா" என்றாளாம். உனைசி இதையெல்லாம் ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்து வேனில் ஏறும்போது முகம் ஒரு மாதிரி இருக்கும். இப்போது அவள் ஒவ்வொன்றையும் கடைசி மூச்சு வரைக்கும் கேட்டாள்.

இதற்கிடையே அவள் கையில் இன்னொரு வேலையும் விழுந்தது. தொண்ணூற்றிரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இந்தக் கொட்டகையில் யாரைப் பார்த்தால் உனக்கு வாய் மூடிக்கொள்கிறது? இருபத்தேழு ஜோடி வந்தது. அண்ணன் தங்கை மட்டும் இல்லை. நம் ஆட்களிலும் ஒரு மருமகள் மாமனாருக்கு எதிர்நாற்காலியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஆறு மாதம் தள்ளியிருந்தாள். "இத ஏன்மா சொல்லல?" என்று தயானந்த் கேட்டதற்கு, "நாற்காலி கம்பெனியோடதுதானே" என்றாளாம். ஜெனீனின் மரப்படத்தில் உனைசி பென்சிலால் மாற்றி மாற்றி எழுதினாள். இவரை இங்கே நகர்த்தினால் அங்கே ஒரு சித்தப்பன் முட்டுவார். அதை அழித்தால் வேறு இடத்தில் ஒரு கொழுந்தன். எட்டு பேரில் தானாக நடந்தது தொண்ணூறில் தாள் கிழியும்வரை அழித்தும் நேராகவில்லை. ஒரே இரவில் சரியானதாக நான் பொய் சொல்ல மாட்டேன். நாலு ஜோடி கடைசிவரைக்கும் அப்படியே இருந்தது, அவர்களுக்கு இடையில் ஒரு மச்சானைப் போட்டார்கள்.

பட்டியல் நாள் வந்தது. பொனிபாத்தேயின் சராசரி பதினொன்று. ஒன்பது இல்லை.

"எட்டு நிமிஷம் குறைச்சிருக்கான், ஒத்துக்குறேன்," என்றாள் ஜெனீன். "ஆனா கோடு ஒன்பதுல இருக்கு. உன் டீம், உன் அண்ணன். நீயே எழுது, வைக்கலாமா வேண்டாமான்னு."

உனைசி இரண்டு நாள் எழுதினாள். அண்ணன் என்று எழுதவில்லை, அன்பு என்று எழுதவில்லை. ஆறு வாரக் கணக்கைத் தோண்டினாள். மற்றவர்கள் முடித்து வைத்த அழைப்பில் நூற்றுக்கு இருபத்திரண்டு அதே குறைக்காக மறுநாள் திரும்பி வந்தது. பொனிபாத்தே முடித்ததில் நூற்றுக்கு மூன்று. அவன் பதினொரு நிமிடம் பேசினால் அது முடிந்தது. மற்றவர்கள் ஆறு நிமிடம் பேசினால் மறுநாள் இன்னொரு ஆறு. அதை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஜெனீன் படித்துவிட்டு, ஒன்பது என்பதை முதலில் யார் சொன்னது என்று கேட்டாள். தயானந்த் கண்ணாடியைத் துடைத்தான். பிரிஸ்பேனிலிருந்து வந்த தாளில் இருந்தது, அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதை மாற்ற அவளால் முடியவில்லை. ஆனால் வேலையை விட்டுப் போகிறவர்கள் பட்டியலிலிருந்து பொனிபாத்தேயின் பெயரை அடித்தாள்.

"வேலை இருக்கு. ஆனா உன் டீம்ல இல்ல. செமி வழியாப் பேசுறது இன்னையோட சரி. அவன் லீடர் அவனோட நேராப் பேசணும்."

"எங்க போடுறீங்க?"

"நீதான் சொல்லணும். உன்கிட்டத்தானே உறவுப் பட்டியல் இருக்கு."

இரண்டாம் டீம் லீடர் விலிசி, வனுவா லேவு என்ற வேறு தீவில் லம்பாசாப் பக்கத்துப் பெண். உனைசி அவளைத் தேநீர் நேரத்தில் பிடித்துத் தாத்தன், தாத்தனுக்குத் தாத்தன் என்று நாலு தலைமுறை விசாரித்தாள். எங்கேயும் உறவு இல்லை. "என்னடி, எனக்கு மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கேட்டாளாம் விலிசி. "ஆள் தர்றேன், மாப்பிள்ளையா வச்சுக்கிறதும் வேலைக்கு வச்சுக்கிறதும் உன் இஷ்டம். போன வைக்க மட்டும் அவசரப்படுத்தாத" என்றாள் இவள்.

மாற்றல் தாளைக் கம்ப்யூட்டரில்தான் நிரப்ப வேண்டும். நிரப்பி முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த ஊழியரின் அழைப்புப் பதிவுகளைக் கேட்கும் உரிமை இனி உங்களுக்கு இராது, சம்மதமா என்று. லீடருக்குத் தன் டீம் ஆட்களின் குரல் மட்டும்தான். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று லோசானா சொன்னாள். பிறகு சம்மதம் என்று அமுக்கினாள்.

அன்று சாயங்காலம் வேனில் அவள் மட்டும் கடைசியாக இறங்க வேண்டியவள். பொனிபாத்தே அதற்கு முன்பே தனியாக நசினுவுக்குக் குடிபோய்விட்டதால் பாதியில் இறங்கிவிட்டான். இறங்கும்போது வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு, அவள் பக்கம் பார்க்காமல், கதவை மட்டும் சத்தம் வராமல் சாத்தினான்.

"மொத்தம் எத்தனை கேட்டிருப்பம்மா?" என்றேன்.

"நாப்பத்தொண்ணு மாமா."

"எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணுல பாடினார். ஒரு கிழவி கேட்டுச்சுன்னு. எங்க வீட்டுல ஒன்பது வருஷம் இருந்தார், பாடினதே இல்ல."

"என்ன பாட்டு?"

அவள் சொன்னாள். ஆனால் பாடிக் காட்டவில்லை.